சீக்வென்சரில் முளைத்த போலிப் பாட்டுகள்

எங்கள் மெல்லிசைக் குழுவின் தாளங்கள் எல்லாம் சீக்வென்சரின் (தாளங்களைப் பதிந்து வைத்து வாசிக்கும் கருவி) எஸ்டி கார்டில்தான். மேக் கணினியில் பேக்கப் எடுத்துத் திரும்பப் போட்டதும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் இரண்டு முறை தெரிந்தது. ஒன்று திறக்கும், மற்றொன்று எரர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் புது கார்டு வாங்கி ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்தேன், சீக்வென்சரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் மாற்றினேன். அதே கதை.

அப்புறம் கார்டை விண்டோஸில் செருகி, மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்ட வைத்தேன். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஜோடியாக இன்னொரு கோப்பு, அதன் பெயருக்கு முன்னால் புள்ளியும் அடிக்கோடும். இந்த ஜோடிக் கோப்புகள் எல்லாமே 4 கேபி. பெரிய பாட்டும் குட்டிப் பாட்டும் ஒரே அளவில் எப்படி இருக்கும்? ஃபேட் கார்டில் எழுதும்போது மேக் தன் கூடுதல் விவரங்களை இப்படித் தனிக் கோப்பாக வைக்கிறது. மேக்கில் கோப்புகளைப் பார்க்கும் ஃபைண்டரில் அது கண்ணில் படாது.

மேக்கில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ‘டாட்_கிளீன் -எம்’ (dot_clean -m) கட்டளையைக் கார்டின் மேல் ஓட்டினேன். போலிகள் போயின, அப்பாடா! இப்போது காப்பி முடிந்ததும் இதை ஓட்டி, எஜெக்ட் செய்த பிறகே கார்டைக் கழற்றுகிறேன்.