முதலில் ஒரே ஒரு பை
பள்ளித் தொழில்முனைவுப் பயிற்சிக்காகத் துணிப்பை தைக்கும் மாணவர்கள் மொத்தமாகத் துணி வாங்க வேண்டாம். ஒரே ஒரு பை தைத்து, 5 கிலோ அரிசி போட்டு, வேலூர் நேதாஜி மார்க்கெட் கடைக்காரர் ஒருவரின் கையில் கொடுங்கள். அவர் பைகளுக்கு ஆர்டர் கொடுத்து, பாதி விலையை முன்பணமாகத் தந்த பிறகே துணிக்கடைக்குப் போங்கள்.

விற்காத சரக்கில்தான் பிள்ளைகளின் சிறு முதல் முடங்குகிறது. இப்படிச் செய்தால் வாங்குபவரின் பணமே முதலாகிவிடுகிறது. கைப்பிடித் தையல் எங்கே பிரிகிறது என்பதும் அரிசியைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். அந்த இடத்தில் கட்டாயம் குறுக்குத் தையல் போடுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால், தயங்காமல் கடை ஏறிக் கேட்கலாம்.

தின்பண்டத்துக்கு இந்த வழி ஒத்துவராது. சுவைத்துப் பார்க்காமல் முன்பணம் தருபவர் அரிது. அதைக் கொஞ்சமாகச் செய்து அன்றன்றே விற்பதுதான் சரி.