ஈரப்பலா இலைக் குவில்ட்: முதன்முறை தைப்பவர்களுக்கான செய்முறை

வெள்ளைத் துணியின் மீது ஒரே துண்டாக வெட்டிய பெரிய சிவப்பு இலைக்கோலத்தைப் பதித்துத் தைப்பது ஹவாய்த் தீவுகளின் பழைய குவில்ட்டுகளுக்கே (துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைத்த விரிப்புகளுக்கே) உரிய அழகு. 1820ஆம் ஆண்டு அங்கு சென்ற அமெரிக்க மிஷனரிப் பெண்கள், சிறு துண்டுத் துணிகளை இணைக்கும் தையலை அரச குலப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். அத்தீவினரோ காலப்போக்கில் முழுத்துணியை எட்டாக மடித்து வெட்டும் முறையைத் தமக்கென உருவாக்கிக்கொண்டார்கள். அவ்வாறு பிறந்த கோலங்களுள் ஈரப்பலா இலை மிகவும் புகழ்பெற்றது. முதற் குவில்ட்டை அதில் தைப்பவருக்கு வாழ்வில் குறைவு வராது என்ற நம்பிக்கையும் அங்கு உண்டு. கொழும்பில் ஈரப்பலா மரம் நிற்கும் வளவுகள் ஏராளம் என்பதால், அச்சுப் படத்தை நாடாமல் உண்மையான இலையைப் பார்த்தே நாம் வரையலாம்.

படி 1: துணி

கட்டில் விரிப்பின் அளவில் தொடங்க வேண்டாம். 24 அங்குல வெள்ளைச் சதுரம், 20 அங்குலச் சிவப்புச் சதுரம், அடித்துணிக்கும் இடைத்துணிக்குமாக 26 அங்குலச் சதுரங்கள் இரண்டு போதும். புறக்கோட்டைத் துணிக்கடைகளில் கிடைக்கும் பருத்திப் பொப்லினே இதற்குச் சிறந்தது. பொலியெஸ்டர் கலந்த துணியின் விளிம்பு ஊசிக்கு மடங்காமல் நிமிர்ந்துகொள்ளும். இடையில் வைப்பதற்குத் தடித்த பஞ்சு விரிப்பை விட ஒற்றை மடிப்புப் பிளனல் துணியையே நான் விரும்புகிறேன். நமது வெக்கைக்கு அது இதமாக இருக்கும், கையால் தைப்பதற்கும் இலகுவாக இருக்கும்.

எல்லாத் துணிகளையும் முதலில் துவைத்து உலர்த்துங்கள். பழைய குவில்ட்டுகளில் பயன்பட்ட துருக்கிச் சிவப்பு, சாயம் போகாத தன்மைக்காகவே போற்றப்பட்டது. இன்றைய மலிவான சிவப்பில் அந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது. ஈரமான வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைச் சிவப்பின் மேல் வைத்து அயன்பெட்டியால் அழுத்திப் பாருங்கள். கறை படியாவிட்டால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லலாம்.

படி 2: வடிவமும் வெட்டும்

சிவப்புத் துணியைப் பாதியாகவும், மீண்டும் பாதியாகவும், பின்னர் மூலைவிட்டமாகவும் மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் அயன் செய்யுங்கள். மடிப்புகள் எல்லாம் சந்திக்கும் கூர்முனையே மையம். அதே அளவில் ஒரு தாள் முக்கோணம் வெட்டி, நீண்ட மடிப்பை ஒட்டி அரை இலையையும், குறுகிய மடிப்பை ஒட்டி அரைக் காயையும் வரைந்தால், விரிக்கும்போது நான்கு இலைகளும் நான்கு காய்களும் மையத்தில் இணைந்து நிற்கும். மரத்து இலையில் மடல்கள் பல இருந்தாலும், முதல் வேலைக்கு ஐந்து மடல்களுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். விளிம்பை மடித்துத் தைக்கும்போது ஒவ்வொரு மடலும் இருபுறமும் 5 மில்லிமீற்றர் வீதம் மொத்தம் ஒரு சென்ரிமீற்றர் மெலியும். ஆகவே காம்பை விரிந்த நிலையில் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல் வரையுங்கள்.

தாளைத் துணியில் வைத்துச் சுற்றி வரைந்து, எட்டு மடிப்பும் நகராதபடி நெருக்கமாகக் குண்டூசி குத்தி, கூரான பெரிய கத்திரிக்கோலால் வெட்டுங்கள்.

(பின்சேர்க்கை: தானே மறையும் ஊதா நிறப் பேனையால் வரைந்த கோடு வெட்டுவதற்குள் காணாமற்போய்விட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அந்த மை காற்றின் ஈரப்பதத்தால் மறைவது. கொழும்பின் காற்றில் அது நெடுநேரம் தாங்காது. தையற்காரர் பயன்படுத்தும் சோக்கே நம்பகமானது.)

படி 3: வெள்ளையில் பொருத்துதல்

வெள்ளைத் துணியையும் அதேபோல் எட்டாக மடித்து அயன் செய்து விரித்தால், மடிப்புக் கோடுகளின் மேல் கோலத்தின் கோடுகள் தாமாகவே பொருந்தும். மையத்திலிருந்து வெளிநோக்கி, விளிம்புக்கு அரை அங்குலம் உள்ளே, பெரிய ஓட்டுத் தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: விளிம்பை மடித்துத் தைத்தல்

வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. 10ஆம் இலக்க மெல்லிய ஊசியும், இலையின் நிறத்திலேயே பருத்தி நூலும் எடுத்துக்கொண்டு, நுனியிலோ பிளவிலோ அல்லாமல் மடலின் மென்மையான வளைவில் தொடங்குங்கள். ஊசி நுனியால் 5 மில்லிமீற்றரை உள்ளே தள்ளி, பெருவிரலால் அழுத்தி, மடிப்பின் ஓரத்தில் ஓரிரு இழைகளை மட்டும் பிடித்துத் தைத்துச் செல்லுங்கள்.

இரு மடல்களுக்கு இடையிலுள்ள பிளவுதான் எல்லோரையும் திணறடிப்பது. பிளவுகளை முன்கூட்டியே கத்தரித்து வைத்தால், கை பட்டுப் பட்டு இழைகள் பிரிந்துவிடும். ஒவ்வொன்றையும் அதன் முறை வரும்போதே கத்தரிக்க வேண்டும். அரை அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, சிறிய கத்திரிக்கோலின் நுனியால் பிளவின் அடியிலிருந்து மடிப்புக்கோட்டுக்கு ஓரிரு இழை எஞ்சும்வரை ஒரே நேர்வெட்டு இடுங்கள். பிறகு ஊசியை வைத்துவிட்டு, சற்று நனைத்த பற்குச்சி ஒன்றை எடுத்து, எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து தைத்த பக்கம் நோக்கி ஒரே வீச்சில் துணியை உள்ளே சுழற்றுங்கள். வழுக்கும் எஃகு ஊசியைப் போலன்றி, மரத்தின் சொரசொரப்பு இழைகளைப் பற்றி இழுத்துச் செல்லும். பிளவின் அடியில் மூன்று தையல்கள் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருக்கமாக, சற்று ஆழமாக அமைய வேண்டும். விலையுயர்ந்த பசைகளும் ஸ்பிரேகளும் இவ்விடத்தில் துணியை விறைக்கச் செய்வதால், அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

மடலின் நுனியில், உள்ளே மடங்கும் துணியின் கூரை மட்டும் வெட்டிவிட்டு, முதலில் நுனியையும் பின்னர் பக்கத்தையும் மடியுங்கள்.

படி 5: அலைத் தையல்

மூன்று துணிகளையும் அடுக்கிப் பிடித்துக்கொண்டு, இலையின் உட்புறத்தை முடித்தபின், அதன் உருவத்தையே பின்தொடரும் ஓட்டுத் தையல் வரிகளை அரை அங்குல இடைவெளியில் ஓரம்வரை இடுங்கள். பழைய ஹவாய்க் குவில்ட்டுகளின் அசைவு இந்த வரிகளிலிருந்தே பிறக்கிறது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டால் அது கெட்டுவிடும். இறுதியில் மிகுதியை வெட்டி, இரண்டரை அங்குலப் பட்டியை இரட்டையாக மடித்து ஓரம் கட்டுங்கள்.

(பின்சேர்க்கை: நடுப்பகுதி கொப்பளம்போல் எழுந்து நிற்பதாகப் பலர் கேட்டிருந்தார்கள். அலைத் தையலை ஓரத்திலிருந்து தொடங்கினால் எஞ்சும் துணி முழுவதும் மையத்தில் சேர்ந்துவிடும். அயன்பெட்டியால் அழுத்தி அதை மறைக்க முடியாது. அந்த வரிகளைப் பிரித்து, மையத்திலிருந்து மீண்டும் தைப்பதே வழி.)