படம் வரையப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் ஏழெட்டுப் பேருக்குப் படம் வரையக் கற்றுத் தருகிறேன். சென்ற மாதம் ஒரு பித்தளைச் சொம்பையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் முக்காலியின் மேல் வைத்து வரையச் சொன்னேன். பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் கைப்பேசியில் சொம்பைப் படம் பிடித்தார். அந்தப் படத்தின் மேல் ஒரு செயலியால் கட்டங்களை விழச் செய்தார். பிறகு தாளிலும் ஸ்கேலை வைத்து அதே எண்ணிக்கையில் கட்டம் போடத் தொடங்கினார். மூன்றடி தூரத்தில் இருந்த சொம்பை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அது அவர் மேல் வந்த எரிச்சல் இல்லை. பதினேழு வயதில் நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பென்சிலைக் கூராகச் சீவுவது, அழுத்தாமல் வரைவது போன்றவற்றை எவரும் சொல்லித் தந்துவிடுவார்கள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

கட்டம் போட்டு நகலெடுப்பது

வார இதழ்களில் வரும் நடிகர்களின் புகைப்படங்களை வெட்டி, அவற்றின் மேல் அரை அங்குலக் கட்டங்களும் சார்ட் பேப்பரில் ஓர் அங்குலக் கட்டங்களும் போட்டு வரைவதில் நான்கு ஆண்டுகளைச் செலவழித்தேன். ஒரு முகத்துக்கு இரண்டு வாரம் ஆகும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் “போட்டோ மாதிரியே இருக்கே!” என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை என்று அப்போது நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடுதான் ஓர் ஓவியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் போனேன். மேசை மேல் ஒரு மண்குடம், ஒரு செங்கல், மடித்துப் போட்ட ஒரு துண்டு. கட்டம் போடுவதற்குப் புகைப்படம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், எனக்குப் பழக்கமான முறையில் ஒரு மூலையிலிருந்து, அதாவது குடத்தின் வாயிலிருந்து, ஒவ்வொரு அங்குலமாக முடித்துக்கொண்டே இறங்கினேன். முக்கால் மணி நேரத்தில் வாயும் கழுத்தும் அருமையாக நிழலடித்து முடிந்திருந்தன. ஆனால் குடத்தின் வயிற்றுக்குத் தாளில் இடம் இல்லை. செங்கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேற்பார்வைக்கு வந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு, “நேரில் பார்த்து எதையாவது வரைந்திருக்கிறாயா, தம்பி?” என்று மெதுவாகத்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

கட்டம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சொம்பை வரையும்போது அதன் அகலத்துக்கு உயரம் எத்தனை பங்கு, கழுத்து எங்கே ஒடுங்குகிறது, விளிம்பு எவ்வளவு சாய்ந்து தெரிகிறது என்று கண் ஒவ்வொரு நொடியும் ஒப்பிட்டாக வேண்டும். வரையக் கற்பது என்பதில் பெரும்பகுதி இந்த ஒப்பீடுதான். கட்டம் போட்டவுடன் இந்தக் கேள்விகள் எல்லாம் மறைந்து, ‘இந்தக் கட்டத்தின் எந்த ஓரத்தில் கோடு நுழைகிறது, எந்த ஓரத்தில் வெளியேறுகிறது’ என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. போதாக்குறைக்கு, கனமுள்ள பொருளைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் கடினமான வேலையைக் கேமரா முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறது. கைக்கு வேலை இருக்கிறது; கண்ணுக்கு இல்லை. புள்ளி வைத்த கோலத்தை மட்டுமே போடத் தெரிந்தவரிடம் வெறும் வாசலைக் காட்டினால் எப்படித் திகைப்பாரோ, அப்படித்தான் நான் அந்தக் குடத்தின் முன் திகைத்தேன்.

சினிமா பேனர் வரைந்தவர்கள் கட்டம் போடவில்லையா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். போட்டார்கள். கையளவுப் புகைப்படத்தைப் பல அடி உயரத்துக்குப் பெரிதாக்க வேண்டியிருந்ததால் போட்டார்கள். வரையத் தெரிந்தவர்களுக்கு அது சாரம் கட்டுவதைப் போன்ற ஒரு வசதி. வரையக் கற்றுக்கொள்ளும் வழி அன்று.

“கட்டம் போட்டால்தானே சார் சரியா வருது?” என்றார் அந்த மாணவி. சரியாகத்தான் வரும். இந்தத் தவறு இவ்வளவு காலத்தை விழுங்குவதற்கு அதுதான் காரணம். மற்ற தவறுகள் படத்தைக் கெடுத்துத் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். இது நல்ல படங்களாகத் தந்துகொண்டே இருக்கும்.

கட்டத்தை விட்டுவிட்டு அளப்பதற்குப் பழகுங்கள். இடம் மாறாமல் உட்கார்ந்து, முழங்கை மடங்காதபடி கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலைச் சொம்புக்கு நேரே குறுக்காகப் பிடியுங்கள். பென்சில் முனை சொம்பின் இடது ஓரத்தில் இருக்க, வலது ஓரம் வரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தால், அதுதான் அகலம், ஒரு பங்கு. பென்சிலை நிமிர்த்தி அதே பங்கு உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். எங்கள் சொம்பு ஏறத்தாழ ஒன்றே கால் வந்தது. மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு குறிகளை மெல்லியதாகத் தாளில் வைத்த பிறகே முதல் கோட்டைப் போட வேண்டும். முழங்கை சற்று மடங்கினாலும் பங்கு மாறிவிடும். தொடக்கத்தில் எல்லாருக்கும் மடங்கும்.

இது மேலைநாட்டுச் சூத்திரம் என்று நினைக்க வேண்டாம். நம் சிற்ப மரபின் அளவுமுறையான தாலமானமும் உருவத்தை அதன் முக நீளத்தாலேயே அளக்கிறது. அதில் உத்தம தச தாலம் என்ற அளவு வகையைச் சேர்ந்த சிலையின் உயரம் 124 அங்குலம் என்னும்போது அந்த அங்குலம் ஸ்கேலில் உள்ளது அன்று. அந்தச் சிலையின் உயரத்தையே பகுத்துப் பெற்ற பங்கு. சிலை சாணளவாக இருந்தாலும் ஆளுயரமாக இருந்தாலும் அதற்கு 124 அங்குலம்தான்.

அடிப்பக்கத்தைத் தட்டையாக வரைவது

சொம்பின் வாயை நீள்வட்டமாக வரைந்துவிட்டு அடியை நேர்க்கோடாக முடிப்பவர்கள் மிகப் பலர். முக்காலி தட்டையானது என்று மூளைக்குத் தெரியும். அதனால் கண் பார்ப்பதைக் கை ஏற்றுக்கொள்வதில்லை. உண்மையில், கண் மட்டத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்கு வட்டம் விரிந்து தெரியும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிட உருண்டையாக இருக்க வேண்டும். நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் மாவடுவைப் போலக் கூராக முடிவதும் இல்லை.

கண்களை நெற்றியில் வைப்பது

உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. நம்பாவிட்டால் அளந்து பாருங்கள்.

விரலால் தேய்ப்பது

வேண்டாம். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது.

ரப்பர்

முதல் பத்து நிமிடத்துக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள்.

முடித்த பிறகே காட்டுவது

படத்தை நிழலடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், கேட்கப்படுபவருக்கு “நன்றாக இருக்கிறது” என்பதைத் தவிர வேறு வழியில்லை. உண்மையைச் சொன்னாலும் அதைத் திருத்தும் மனம் நமக்கு அப்போது இருக்காது. கோடுகள் இன்னும் மெல்லியதாக இருக்கும்போது காட்ட வேண்டும். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். “எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள், வரையத் தெரியாதவரும் பதில் சொல்வார்.

என் அப்பா தையற்காரர். அவர் பென்சிலைத் தொட்டது துணியில் குறி போட மட்டும்தான். நின்றுகொண்டிருக்கும் ஆள் ஒருவரை நான் வரைந்துகொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, “இடது தோள் ரெண்டு விரல் எறங்கியிருக்கு, இவருக்குச் சட்டை தைச்சா உட்காராது” என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, அளந்து பார்த்தேன், இறங்கித்தான் இருந்தது. ‘போட்டோ மாதிரியே’ என்ற நான்கு ஆண்டுப் பாராட்டுகளில் கிடைக்காத ஒன்று அந்த ஒரு வரியில் கிடைத்தது.

பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் படத்தைக் கண்ணாடி முன் பிடியுங்கள். லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை அது. இடம் வலமாக மாறும்போது படம் வேறொருவர் வரைந்ததைப் போலத் தோன்றும். பிறர் படத்தில் குறை காண நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கொட்டகைத் தூணில் இதற்காகவே ஒரு முகக் கண்ணாடியை மாட்டியிருக்கிறேன். போன ஞாயிறு அந்த மாணவி கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, தம்முடைய ஒன்பதாவது சொம்பைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய் அதன் முன் நின்றார். சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

“சார், கழுத்து வலது பக்கமா கோணியிருக்கு. போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சா?”

போன வாரம் இன்னும் அதிகமாகக் கோணியிருந்தது.