கூடைப்பந்து ஆடுகிறவர்கள் இதயத்தைச் சோதித்துக்கொள்வது எப்படி?

என்பிஏ என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆடிய பிரெட் ஹாய்பெர்க் பெரிய நட்சத்திரம் எல்லாம் இல்லை. இண்டியானா, சிகாகோ, மின்னசோட்டா அணிகள் என்று பத்து சீசன், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே காலம் தள்ளியவர். ஆனால் 2004-05 இல் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சில் 48.3 சதவீதம் கூடைக்குள், என்பிஏவிலேயே முதலிடம். அந்த சீசன் முடிந்த கையோடு ஆயுள் காப்பீட்டுக்காகச் செய்துகொண்ட சோதனையில்தான் உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடம் வீங்கியிருந்தது தெரிந்தது. 2005 ஜூனில் அறுவை சிகிச்சை, அப்புறம் பேஸ்மேக்கர், திரும்பி ஆட எவ்வளவோ முயன்றும் முடியாமல் 2006 இல் ஓய்வு. வயது 33.

ஆக, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்பது இதயமும் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஒரு ஆதாரமே இல்லை.

முதலில் வீட்டில் விசாரியுங்கள். ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா, யாருக்காவது பிறவி வால்வுக் கோளாறு உண்டா? "அவருக்கு ஏதோ மாரடைப்பு" என்று மழுப்பினால் விடாதீர்கள், துருவிக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்ததோ நெஞ்சு வலித்ததோ உண்டென்றால் வெயில், வெறும் வயிறு என்று காரணம் சொல்லாமல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இசிஜி எடுத்தாகிவிட்டது, போதாதா என்பார்கள். அதில் மகாதமனியின் அகலம் தெரியாது, அதற்கு ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ வேண்டும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று மட்டும் இருந்தால், மகாதமனி அடிப்பகுதி எத்தனை மில்லிமீட்டர், அங்குள்ள வால்வில் இயல்பாக இருக்க வேண்டிய மூன்று இதழா, இரண்டு மட்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உயரமும் சொல்லுங்கள், நெட்டையானவர்களுக்கு அந்த அளவு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். என்பிஏவில் 2006 முதல் வருடந்தோறும் எக்கோ கட்டாயம்.

ஏதாவது தெரிந்தால் உடனே ஆட்டம் முடிந்தது என்று அர்த்தமில்லை, எந்தக் கோளாறு என்பதைப் பொறுத்தது. இன்னொரு என்பிஏ ஆட்டக்காரர் ஜெஃப் கிரீனுக்கும் மகாதமனி வீக்கம்தான். 2012 ஜனவரியில் அறுவை சிகிச்சை, அடுத்த சீசனே திரும்பினார், அணி அணியாக மாறி 2023 இல் டென்வர் அணியோடு கோப்பையே தூக்கினார். அதே லீக்கில் ஆடிய கட்டினோ மோப்ளிக்கு வேறு கதை. 2008 இல் நியூயார்க் அணிக்கு மாறியபோது செய்த சோதனையில் இதயத் தசைத் தடிப்பு, அந்த டிசம்பரிலேயே ஓய்வு. எனவே விளையாட்டு வீரர்களைப் பார்த்துப் பழகிய இதய நிபுணர் ஒருவரிடம் இரண்டாவது கருத்து கேட்காமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்காதீர்கள்.

அறுவை சிகிச்சை செய்தாகிவிட்டது என்று சோதனையையும் விட்டுவிடக் கூடாது. ஹாய்பெர்க்குக்கு 2015 இல் மறுபடி இதயத்தைத் திறக்க வேண்டியிருந்தது. பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோய் அளவுகளை ஒப்பிடச் சொல்லுங்கள்.