அப்பத்தாவின் கைப்பக்குவத்தை எழுதி வைப்பது எப்படி?

வீட்டு வற்றல் குழம்பை எழுதி வைக்க விரும்புகிறவர், "எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டுத் தொடங்கக் கூடாது. கண்ணளவிலும் கையளவிலுமே ஆயுள் முழுக்கச் சமைத்தவர் வாயால் சொல்லும் பக்குவம் வேறு, அடுப்படியில் அவர் கை செய்வது வேறு. எனவே அவரைச் சமைக்கவிட்டு, அருகில் நின்று பாருங்கள்.

அடுப்பைப் பற்ற வைக்கும் முன், உப்புச் சாடி, குழம்புப்பொடி டப்பா, புளிப் பானை, நல்லெண்ணெய்த் தூக்கு ஆகியவற்றை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். குழம்பை இறக்கியபின் மீண்டும் நிறுத்தால், குறைந்திருக்கும் எடைதான் அவர் போட்ட அளவு. இந்த வழியைத் தட்டுக்கெட்டுத்தான் கண்டுபிடித்தேன். முதல் நாள் அப்பத்தாவிடம் அளவுக் கரண்டியை நீட்டினேன். அவர் கை தடுமாறி, குழம்பு உப்புக் கரித்தது. மறுவாரம் நிறுத்துப் பார்த்தபோது, அவர் சொன்ன "எலுமிச்சங்காய் அளவு" புளி 40 கிராமைத் தாண்டியிருந்தது. அவர் மனத்திலிருந்த எலுமிச்சை கடையில் விற்பதன்று, பிறந்த வீட்டுக் கொல்லையில் காய்த்தது.

அரிசி அளக்கும் பழைய அளவைப் பாத்திரமான உழக்குக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி என்பது பழைய வாய்பாடு. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்தும், பல வீடுகளில் பித்தளை உழக்கு அரிசிப் பானையை விட்டு நகரவில்லை. உங்கள் வீட்டு உழக்கில் தண்ணீர் நிரப்பி, அதை மில்லிலிட்டரில் அளந்து குறியுங்கள்.

நிமிடக் கணக்கைவிட அடையாளங்களை எழுதுவது பயன் தரும்: சுண்டைவற்றல் எண்ணெயில் எந்த நிறத்துக்கு வந்தது, புளியின் பச்சை வாசனை எப்போது அடங்கியது, எண்ணெய் எப்போது விளிம்பில் பிரிந்தது. பாத்திரத்தையும் குறிப்பிடுங்கள். கல்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் இறக்கிய பின்னும் குழம்பு கொதித்துச் சுண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் அதே நேரத்தில் இறக்கினால் நீர்த்திருக்கும்.

திதிக்கு என்ன சமைப்பார்கள் என்று அவசியம் கேளுங்கள். சில வீடுகளில் இறந்தவருக்குப் பிடித்ததையே படைப்பார்கள். வேறு சில வீடுகளில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பிற்காலத்தில் வந்த காய்கள் என்று அன்று விலக்கப்படும். தாத்தா கருவாடு இல்லாமல் சோற்றில் கைவைக்க மாட்டார் என்பது எனக்குப் படையல் இலையைப் பார்த்துத்தான் தெரியவந்தது.

அத்தை பூண்டு போடுவார், அம்மா போடமாட்டார் என்றால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், இருவர் முறையையும், அவரவர் பிறந்த ஊரோடும் யாரிடம் கற்றார் என்பதோடும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டுங்கள். "நானா இவ்வளவு புளி போடுறேன்?" என்பார், அவர் சொல்லும் திருத்தத்தை ஓரத்தில் எழுதுங்கள், நிறுத்த கணக்கை மட்டும் அடிக்காதீர்கள்.