ஓஎச்என்எஸ் கம்பியில் ஒரு 10 மி.மீ. பஞ்ச்: முதல் தடவை செய்பவர்களுக்கு

போன மாதம் மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒருவர் ஒரு ஜோடி பிளேடைப் பேப்பரில் பொதிந்து கொண்டுவந்தார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டை உடைக்கும் கை மெஷினில் மாட்டுகிற வளைந்த பிளேடு. "அண்ணே, பத்து நாள்கூட நிக்கல்ல" என்றார். அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அரம் கடித்துக்கொண்டு இறங்கியது; இறுகிய இரும்பென்றால் வழுக்கியிருக்கும். சாதா ஈஎன்8 பட்டையில் வெட்டி, வடிவம் மட்டும் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். ஈஎன்8-இல் கார்பன் சுமார் 0.4 சதவீதம்தான். ஷாஃப்ட்டுக்கு அருமையான இரும்பு, வெட்டும் முனைக்கு ஆகாது.

அந்த இடத்துக்கு வேண்டியது கோல்ட் ஒர்க் டூல் ஸ்டீல். சூடாக்காத பொருளை வெட்டவும், துளைக்கவும், மடக்கவும் ஆன இரும்பு. வேலை நடக்கும்போது டூலின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டாத இடங்களுக்கு இது. கடையில் இரண்டு பெயர்தான் அடிக்கடி காதில் விழும்.

ஓஎச்என்எஸ் என்பது ஆயிலில் குளிரவைத்தால் இறுகும் இரும்பு. கார்பன் 0.9 சதவீதம் அளவில், கூடவே மாங்கனீஸ், கொஞ்சம் குரோமியம், டங்ஸ்டன். அமெரிக்கக் கணக்கில் ஓ1. அடுத்தது டி2. கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம். டி2-உம், அதைவிடக் கார்பன் கூடிய டி3-உம் கடைகளில் எச்சிஎச்சிஆர் என்ற ஒரே பெயரில் புழங்கும். எது வேண்டும் என்று கேட்டு, சர்டிபிகேட்டோடு வாங்குங்கள். 12 சதவீதம் குரோமியம் இருக்கிறதே, துருப்பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துகள்களாகிவிடும். குளச்சல் உப்புக்காற்றில் டி2-உம் துருப்பிடிக்கும், கொஞ்சம் தாமதமாக.

பழகுவதற்கு ஓஎச்என்எஸ்தான் என் கட்சி. விலை குறைவு, லேத்தில் சொன்னபடி கேட்கும், சின்ன ஃபர்னஸிலேயே இறுக்கிவிடலாம். 1 மி.மீ. எம்எஸ் (சாதா மைல்டு ஸ்டீல்) தகட்டில் 10 மி.மீ. ஓட்டை போடும் பஞ்ச் ஒன்று செய்வோம். தகட்டில் அந்த ஓட்டை விழ ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் வேண்டும். அது முழுவதும் அந்தச் சின்ன முனையின் விளிம்பில் இறங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கடைசல்

16 மி.மீ. கம்பி எடுங்கள். கருப்புத் தோலோடு வந்திருந்தால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது கழித்துவிட வேண்டும். தோலில் கார்பன் வெளியேறிப்போய் இருக்கும், அந்த இடம் இறுகாது.

வேகத்துக்குக் கணக்கு எளிது: வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வருவதால் வகுத்தால் ஆர்பிஎம். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு நிமிடத்துக்கு 20 மீட்டர் வைத்தால், 16 மி.மீ. கம்பிக்கு 400 சுற்று வரும். கார்பைடு டிப் என்றால் 80 மீட்டர், 1,600 சுற்று. பழைய லேத்தில் அந்த வேகம் இல்லையென்றால் இருப்பதில் ஓட்டுங்கள். டி2 என்றால் எச்எஸ்எஸ் வேகத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்க வேண்டும். அதிலுள்ள கார்பைடு டூல் முனையைத் தின்றுவிடும். டிரில் போடும்போது பயந்து பயந்து அழுத்தாதீர்கள். டிரில் வெட்டாமல் உரசிக்கொண்டே சுற்றினால் அடிப்பரப்பு இறுகி, அடுத்த டிரில்லும் போய்விடும்.

முனையை 10.3 மி.மீ. வரை கடைந்து நிறுத்துங்கள். மீதி 0.3 கடைசியில் கிரைண்டிங்குக்கு. ஹார்டனிங்கில், அதாவது சூடாக்கி ஆயிலில் விட்டு இறுக்கும்போது, அளவு சற்று மாறும், லேசாக வளையவும் செய்யும். அந்த மிச்சம் இல்லையென்றால் பஞ்ச் குப்பைக்குத்தான். முனையும் தலையும் சேரும் மூலையைக் கூராக விடாமல், 1.5 மி.மீ. ரேடியஸ் கொடுங்கள். டூல் ஓடிய கோடுகள் அந்த மூலையில் தெரிந்தால் எமரி பேப்பர் வைத்து எடுத்துவிடுங்கள். விரிசல் ஆரம்பிப்பது அங்கேதான்.

படி 2: டை

தகட்டுக்கு அடியில் இருந்து பஞ்சை உள்ளே வாங்கும் ஓட்டையுள்ள துண்டுதான் டை. தகட்டில் விழும் ஓட்டையின் அளவு பஞ்சிலிருந்து வரும், இரண்டுக்கும் நடுவிலான இடைவெளியை, அதாவது கிளியரன்ஸை, டையில் கொடுக்க வேண்டும். எம்எஸ் தகட்டுக்கு, ஒரு பக்கத்துக்குத் தகட்டுக் கனத்தில் 5 சதவீதம் என்று வைப்போம். 1 மி.மீ. தகட்டுக்கு 0.05. அப்படியானால் இரண்டு பக்கமும் சேர்த்து முடித்த டை ஓட்டை 10.10. மேலே 4 மி.மீ. ஆழம் நேராக இருக்கட்டும், அதற்குக் கீழே சற்று அகலப்படுத்துங்கள். இல்லாவிட்டால் வெட்டி விழும் வில்லைகள் அடுக்கடுக்காகச் சிக்கி, டையையே பிளந்துவிடும். டைக்கும் கீழே வரும் அதே ஹார்டனிங், டெம்பர்தான். அதனால் இதன் ஓட்டையிலும் கிரைண்டிங்குக்கு மிச்சம் விடுங்கள்.

படி 3: ஹார்டனிங்

நேராக 800-க்கு ஏற்றாதீர்கள். 650 டிகிரியில் உள்ளும் புறமும் ஒரே சூடு வரும்வரை நிறுத்தி, அப்புறம் 800. அங்கே இந்தக் கனத்துக்கு 15, 20 நிமிடம். மீட்டர் இல்லாத உலை என்றால் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொட்டுப்பாருங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குமேல் இன்னும் ஒரு சாயல் சிவப்பு. வெயிலில் நின்று நிறம் பார்க்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள்.

ஆயிலை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சூட்டில் ஆயில் இளகி, இரும்பைச் சுற்றி ஒழுங்காக ஓடும். பஞ்சைச் செங்குத்தாக இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். சாய்த்து இறக்கினால் வாழைக்காய் மாதிரி வளைந்து வரும். தேங்காய் எண்ணெயில் விட்டால் என்ன என்று நம்மூரில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. இறுகும், ஆனால் புகையும் தீயும் பட்டறையை நிறைக்கும். குவெஞ்சிங் ஆயிலே வாங்குங்கள். மூடி போட்ட இரும்பு வாளி, கிளவுஸ், கண்ணாடி இல்லாமல் இந்தப் படியைத் தொடக் கூடாது.

டி2-ஐ இங்கே செய்ய முயலாதீர்கள். அதற்கு 1,010, 1,020 டிகிரி வேண்டும், காற்றுப்படாத ஃபர்னஸ் வேண்டும். வெளியே எடுத்தபின் காற்றிலேயே இறுகும். ஆரல்வாய்மொழிக் காற்று மாதிரி ஒரு பக்கமாக ஃபேனை வைத்தால் கோணிக்கொள்ளும். வேக்குவம் ஹார்டனிங் போடுபவர்களிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

படி 4: டெம்பர்

கைபொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 60 டிகிரி அளவுக்கு, இறங்கியதும் நேராக டெம்பர்; இறுகியது நொறுங்காமலிருக்க மறுபடி அளவாகச் சூடாக்குவது. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். இந்த நிலையில் கடினம் ராக்வெல் சி அளவில் 60 பக்கம் நிற்கும்.

"நேராக" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தொழில் படித்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, சாவிக்குழி வெட்டிய ஓஎச்என்எஸ் புஷ் ஒன்றை ஆயிலில் விட்டெடுத்தேன். மணி ஏழு, கோணம் என்ற ஊரிலிருந்து கடைசிக்கு முந்தைய பஸ். மேஸ்திரி, "மக்கா, டெம்பர் போடாம வீட்டுக்குப் போவாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாளைக் காலையில் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் சாவிக்குழியின் கூர் மூலையிலிருந்து முடி கனத்தில் ஒரு கோடு, வெளிவட்டம் வரைக்கும். சுண்டினேன். மணி மாதிரிக் கேட்க வேண்டியது, உடைந்த ஓடு மாதிரி 'டொக்' என்றது. மூன்று நாள் வேலை அது.

படி 5: கிரைண்டிங்

வெள்ளை அலுமினியம் ஆக்சைடு வீல், கூலன்ட் தாராளமாக, ஒரு தடவைக்கு 0.01 மி.மீ. மட்டும். நீலக்கறை தெரிந்தால் அந்த இடம் சூடேறி இளகிவிட்டது என்று பொருள். 10.00 வந்ததும் துடைத்து, ஆயில் தடவி வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதும், கைரேகை அப்படியே துருவாகப் பதிய.

பிரஸ்ஸில் மாட்டி ஓட்டிய முதல் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். பிசிறு ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் பஞ்ச் டைக்கு நடுவில் இல்லை, டையை நகர்த்துங்கள். சுற்றிலும் ஒரேபோலப் பிசிறு கூடிக்கொண்டே போனால் முனை மழுங்குகிறது. பக்கவாட்டைத் தொடாதீர்கள், முகத்தில் மட்டும் 0.1 மி.மீ. கிரைண்ட் செய்து திரும்ப மாட்டுங்கள்.