கார் சப்வூஃபர் வயரிங்: ஆம்பைத் தொடும் முன் போட வேண்டிய ஓம் கணக்கு

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பெட்டியில் வாட்ஸ் பெரிதாக அச்சாகியிருக்கும். அது எத்தனை ஓமில் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் தேட வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் தரும் தடையின் அளவு. அது பாதியானால் ஆம்பிலிருந்து போகும் கரண்ட் இரட்டிப்பாகும்: 20 வோல்ட் வெளியீட்டில் 4 ஓமுக்கு 5 ஆம்பியர், 2 ஓமுக்கு 10, 1 ஓமுக்கு 20. தாங்காத ஆம்ப் சூடேறி, ‘புரொடெக்ட்’ விளக்கைக் காட்டி நின்றுவிடும். பாதுகாப்புச் சுற்று சரியில்லை என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடும்.

படி 1: ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று மேனுவலில் பாருங்கள். இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்தால் (ஒரே ஸ்பீக்கரை ஓட்டும்படி சேர்த்தால்) ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் உணரும். ஆகவே ஸ்டீரியோவில் 2 ஓம் தாங்கும் ஆம்புக்கு பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தரக்கூடாது.

படி 2: சப்வூஃபரின் காயிலை (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 4 ஓம் காயில் 3.2 முதல் 3.7 வரை காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ். இம்பீடன்ஸ் (ஒலி ஓடும்போது காயில் தரும் தடை) அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அப்போது வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 3: கணக்கு. சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால்) ஓம்களைக் கூட்ட வேண்டும். பேரலலில் (பக்கவாட்டில் சேர்த்தால்), எல்லாம் ஒரே ஓம் என்றால், அந்த ஓமைக் காயில்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 4+4 இரட்டைக் காயில் (4 ஓம் காயில் இரண்டு உள்ள) சப்வூஃபர் ஒன்று சீரிஸில் 8 ஓம், பேரலலில் 2 ஓம்.

இரண்டு சப்வூஃபர் என்றால் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். இரண்டு 4+4 வைத்து 1, 4, 16 ஓம் கிடைக்கும். எல்லாக் காயிலுக்கும் சமமாகப் பவர் போகும்படி 2 ஓம் வராது. இரண்டு 2+2 வைத்தால் 0.5, 2, 8. ஆம்ப் 2 ஓம் வரைதான் தாங்கும் என்றால் இரண்டு 2+2 தான் பொருத்தம்: ஒவ்வொன்றின் காயில்களையும் சீரிஸாக்கி (4 ஓம்), பிறகு இரண்டையும் பேரலலில் சேருங்கள். வேறு வேறு மாடல்களைக் கலக்காதீர்கள்; பவர் சமமாகப் பிரியாது.

1 ஓமுக்கு இறங்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. பவர் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். சூடும் பேட்டரிச் சுமையும் அதைவிட உறைக்கும்.

படி 4: கார் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு வயரிங்கைத் தொடங்குங்கள். சீரிஸ் என்றால் முதல் காயிலின் மைனஸ் இரண்டாவதின் பிளஸுக்கு. மிஞ்சும் பிளஸும் மைனஸும் ஆம்புக்கு. பேரலல் என்றால் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். இரட்டைக் காயிலில் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு மற்றதைச் சும்மா விடாதீர்கள். தாங்கும் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

படி 5: ஆம்ப் பக்க வயர் முனைகளில் அளந்து பாருங்கள். கணக்கில் வந்ததைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 2 ஓம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுக்குக் கீழே காட்டினால் இணைப்பில் தவறு, ஆம்பில் சொருகாதீர்கள்.

மோனோபிளாக்கில் (ஒரே சேனல் உள்ள ஆம்ப்) இரண்டு ஜோடி டெர்மினல் இருந்தால் இரண்டு சேனல் என்று நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அவை உள்ளே பேரலலாகச் சேர்ந்திருக்கும்: ஜோடிக்கு ஒரு 2 ஓம் சப்வூஃபரை மாட்டினால் ஆம்புக்கு 1 ஓம்.

ஓம் சரியாக வந்தும் பேஸ் மெலிந்து கேட்டால், எங்கோ ஒரு காயில் தலைகீழாக இணைந்திருக்கும். வயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை அதே முனைகளில் நொடி நேரம் தொடுங்கள். பிளஸுக்குப் பிளஸ் தொட்டதும் எல்லாக் கோனும் வெளியே தள்ள வேண்டும். உள்ளே போகிற கோனின் பிளஸ் மைனஸை மாற்றுங்கள். அசையவே இல்லையென்றால் அதன் இரு காயில்களும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. ஒரு காயிலை மட்டும் திருப்பிப் போடுங்கள்.